இயல் 6: தடித்துப்போகும் தோல் – காய்ப்பு, ஆணி, வெடிப்பு, செதில்

மேல்தோல் என்பது தனக்கென இரத்தக் குழாய்கள் இல்லாத, அடுக்கடுக்கான உயிரணுக்களால் ஆன மெல்லிய உறை ஆகும். அதன் அடிவரிசையில் பிறக்கும் உயிரணு மேல்நோக்கி நகரும்போதே கெரட்டின் என்னும் உறுதியான புரதத்தைத் தன்னுள் நிரப்பிக்கொண்டு, உட்கருவை இழந்து, தட்டையாகி, இறந்த நிலையில் உச்சியை அடைந்து, கண்ணுக்குத் தெரியாத செதிலாக உதிர்கிறது. இதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன. நகத்துக்கும் மாட்டுக் கொம்புக்கும் உறுதி தருவது கெரட்டினே என்பதால், இறந்த அணுக்களாலான உச்சி அடுக்குக்குக் கொம்புப் படலம் என்று பெயர். முன்கையில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும் இப்படலம், உள்ளங்காலில் இயல்பாகவே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக்கூடும். பிறக்கும் அணுக்களின் எண்ணிக்கை மிகுந்தாலும், பிறந்தவை காலத்தில் உதிராமல் ஒட்டிக்கொண்டாலும் இப்படலம் அளவுக்கு மீறித் தடிக்கிறது. இந்நிலையே கொம்புப் படல மிகைத்தடிப்பு எனப்படுகிறது.

ஆரணியாற்றங்கரையில் நெல் வயல்களுக்கு நடுவே அமைந்த பெரியபாளையத்திலும், அதைச் சுற்றிய ஊத்துக்கோட்டை, கன்னிகைப்பேர், கவரப்பேட்டைப் பகுதிகளிலும் இத்தடிப்பு ஒரே குடும்பத்தில் பல உருவங்களில் தென்படுவதற்கு வாழ்க்கைமுறையே காரணம். சேற்றில் வெறுங்காலுடன் நாற்று நடும் தாய், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துக்கு நிறுவனப் பேருந்தில் சென்று ஒரு ஷிப்ட் முழுவதும் இரும்புமுனைக் காலணியில் நிற்கும் மகன், காக்களூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் எண்ணெயில் கை நனைக்கும் மருமகன், ஆடி மாதத்தில் வேப்பிலை ஆடை உடுத்திப் பவானியம்மன் கோயிலை வெறுங்காலுடன் வலம்வரும் பாட்டி ஆகிய நால்வரின் தோலும் நான்கு வெவ்வேறு காரணங்களால் தடிக்கிறது. நால்வரும் ஒரே மருந்துக் கடையில் ஒரே களிம்பை வாங்கிப் பூசுவதுதான் நடைமுறையில் காணப்படும் தவறு. கிராமச் சுகாதாரச் செவிலியர், ஆலையின் முதலுதவி அறைப் பொறுப்பாளர், வீட்டில் முதியோரைப் பேணுவோர் ஆகியோர் தடிப்பைக் கண்டவுடன் அதைச் செதுக்கி எடுக்க முற்படாமல், அது ஏன் அந்த இடத்தில் வந்தது என்று கேட்கப் பழக வேண்டும் என்பதே இவ்வியலின் நோக்கம்.

பார்க்க வேண்டிய முறை

தடித்த தோலைப் பகல் வெளிச்சத்தில், இரு கைகளையும் இரு கால்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நோயாளி காட்டும் ஒரு பாதத்தை மட்டும் பார்ப்பவர் பாதி விவரத்தைத் தவறவிடுவார். எலும்பு துருத்தும் இடத்திலோ, கருவி அழுத்தும் இடத்திலோ மட்டும் தடித்திருந்தால் காரணம் பெரும்பாலும் வெளியே, அதாவது காலணியிலோ கைப்பிடியிலோ இருக்கிறது. அழுத்தமே படாத உள்ளங்காலின் குழிவிலும் தடித்திருந்தால் காரணம் தோலுக்குள்ளோ உடலுக்குள்ளோ இருக்கிறது. விளிம்பு தெளிவாகக் கோடு போட்டதுபோல் முடிகிறதா, மங்கலாகக் கரைகிறதா. அரிப்பு உண்டா, வலி உண்டா, இரண்டுமே இல்லையா. நகம் தடித்திருக்கிறதா, நகத்தில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் உள்ளனவா. தலையிலும் முழங்கையிலும் செதில் உண்டா. பிறவியிலிருந்தே உள்ளதா, வேலையில் சேர்ந்த பின் வந்ததா. விடுப்பில் ஊருக்குச் சென்றால் குறைகிறதா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். இவற்றுள் கடைசிக் கேள்வி மிகவும் பயனுடையது. பத்து நாள் விடுப்பில் ஆறி, வேலைக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் மீண்டும் தடிக்கும் கை, ஆய்வகச் சோதனைக்கு முன்பே காரணத்தைக் காட்டிவிடுகிறது.

காய்ப்பும் ஆணியும்

தொடர்ந்த உராய்வுக்கு ஆளாகும் தோல், தன் அடியில் உள்ள மென்திசுவைக் காப்பதற்காக அகலமாகவும் சீராகவும் தடிப்பதே காய்ப்பு. அழுத்தம் ஒரே புள்ளியில் குவியும்போது தடிப்பு கூம்பு வடிவில் உள்நோக்கி வளர்ந்து, அதன் கூர்முனை நரம்பை அழுத்தி வலி தருவது கால் ஆணி. மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையிலும், சுத்தியல் வீசும் பட்டறைத் தொழிலாளியின் விரல் அடியிலும் உள்ள காய்ப்பு நோயே அன்று. அதை முழுவதும் நீக்கினால் மறுநாள் வேலையில் கொப்புளம்தான் மிஞ்சும். வலி தந்தாலோ, வெடித்தாலோ, அடியில் நிறம் மாறினாலோ மட்டுமே அதற்கு மருத்துவம் தேவை.

கால் ஆணியோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது உள்ளங்கால் மரு. மரு ஒருவகை வைரஸ் தொற்றினால் வருவது என்பதால் பிறருக்குப் பரவும்; ஆணி பரவாது. தோலின் இயற்கையான ரேகைகள் காய்ப்பின் மீதும் தொடர்ந்து செல்கின்றன. மருவை அடைந்தவுடன் விலகிச் சுற்றிப் போகின்றன. மேற்பரப்பைச் சற்றுத் தேய்த்தால் மருவில் கருநிறப் புள்ளிகள் தெரியும். இவை உறைந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்கள். நேராக அழுத்தினால் மிகுதியாக வலிப்பது ஆணி, இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் மிகுதியாக வலிப்பது மரு என்பது, கருவி ஏதும் இல்லாமலே செய்யக்கூடிய நல்ல சோதனை.

தொழிற்பேட்டைப் பணியாளர்களின் கால் ஆணிக்கு முதன்மையான காரணம் பொருந்தாத பாதுகாப்புக் காலணியே. இரும்பு முனை வளைந்து கொடுக்காது. எனவே அரை அளவு சிறியதாக அமைந்த காலணி சுண்டுவிரலின் வெளிப்புறத்தையும், விரல் மூட்டுகளின் மேற்புறத்தையும் நாள் முழுவதும் அரைக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கையிருப்பில் உள்ள அளவையே கொடுத்துவிடும் வழக்கம் இருக்கும் இடங்களில், இது தோல் மருத்துவத்தால் தீரக்கூடிய சிக்கலே அன்று. கிடங்குப் பொறுப்பாளரால் தீர வேண்டியது. நின்று வேலை செய்யும்போது பாதம் சற்று வீங்குவதால், காலணியின் அளவை வேலை முடியும் நேரத்தில், அணியப்போகும் அதே காலுறையுடன் பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும்.

வீட்டு மருத்துவம் எளிதானது. பாதத்தை இளஞ்சூடான நீரில் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, மென்மையான மேற்படலத்தைக் கால் தேய்க்கும் கல்லால் ஒரே திசையில் சிறிதளவு தேய்த்து நீக்கி, ஈரம் முழுவதும் உலர்வதற்கு முன் வாசலின் அல்லது யூரியா கலந்த களிம்பைப் பூச வேண்டும். யூரியா 10 விழுக்காடு அளவில் தோலுக்குள் நீரைப் பிடித்து வைக்கிறது. 20 முதல் 40 விழுக்காட்டில் கெரட்டினையே தளர்த்துகிறது. இங்கே குறிப்பிடப்படுவது மருந்துக் கடையில் கிடைக்கும் களிம்பே. வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்துப் பூசுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சாலிசிலிக் அமிலம் இறந்த அணுக்களை ஒட்டவைக்கும் பசையைத் தளர்த்துவது; களிம்பில் 6 முதல் 12 விழுக்காடும், ஆணிக்கு ஒட்டும் பட்டையில் ஏறக்குறைய 40 விழுக்காடும் இருக்கும். பட்டை ஆணியின் அளவுக்கே வெட்டப்பட வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோலில் பட்டால் அதுவும் வெந்துபோகும். மருவுக்கு இதே அமிலத்தை நாள்தோறும் 12 வாரம்வரை பொறுமையாகப் பூச வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் உடலின் பெரும்பரப்பில் இதைப் பூசினால் அமிலம் இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதால் அது தவிர்க்கப்பட வேண்டும். சவரப் பிளேடால் ஆணியைத் தோண்டுவதும், அமிலத்தைச் சொட்டுவதும், சூடு வைப்பதும் எவருக்கும் கூடாது.

உணர்விழந்த பாதத்தின் காய்ப்பு

மேற்சொன்ன வீட்டு மருத்துவம் ஒரு பிரிவினருக்கு அப்படியே பொருந்தாது. நீரிழிவினாலோ தொழுநோயினாலோ பாதத்தின் உணர்வை இழந்தவர்களே அவர்கள். உணர்வுள்ள பாதத்தில் காய்ப்பு வலித்தவுடன் மனிதர் நடையை மாற்றிக்கொள்கிறார். உணர்வற்ற பாதத்தில் அதே இடம் ஒவ்வோர் அடியிலும் மிதிபட, தடித்துப்போன தோலே உள்ளிருக்கும் திசுவை நசுக்கும் கல்லாக மாறுகிறது. காய்ப்பின் அடியில் இரத்தம் கசிந்து, கரும்பழுப்பு நிறப் புள்ளியாகத் தெரிந்து, பின் குழிப்புண்ணாக வெளிப்படுகிறது. வெளிப்படும் நாளில் அது பல நாள் பழைய புண்ணாக இருக்கும். ஆகவே நீரிழிவு உள்ளவரின் காய்ப்பில் கருமை தென்பட்டால், வலி இல்லாவிட்டாலும், அதைப் புண்ணாகவே கருதி அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இந்த அறிவு உருவானதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு நோய்க் கிருமி நேரடிக் காரணம் அன்று, வலியுணர்வு இல்லாத உறுப்பு மீண்டும் மீண்டும் படும் அழுத்தமும் காயமுமே காரணம் என்று காட்டினார். அதுவரை தொழுநோயாளியின் உடல் தானாகவே அழுகி உதிரும் என்று உலகெங்கும் நம்பப்பட்டது. அந்நம்பிக்கையே அறுவையையும் மறுவாழ்வையும் வீண் என்று ஒதுக்கவைத்தது. 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் நிறுவப்பட்ட ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் பிராண்டின் பணியோடு இணைந்து வளர்ந்தது. இப்பணியின் கண்கூடான பயன் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பரால் ஆன உள்தளம் கொண்ட காலணி. காற்றறைகள் நிறைந்த மென்மையான இந்த ரப்பர், பாதத்தின் ஒரு புள்ளியில் குவியும் எடையைப் பாதம் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது. முள்ளும் ஆணியும் நுழையாதபடி அடியில் கடினமான மற்றொரு தளம் ஒட்டப்படுகிறது. தொழுநோய்க்கென உருவான இச்செருப்பே இன்று நீரிழிவு உள்ளவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இதைத் தொழுநோய்ச் செருப்பு என்று கருதி அணிய வெட்கப்படுவோர் இன்னும் உள்ளனர். வார் வைத்த சாதாரண வடிவங்களிலும் இது செய்து தரப்படுகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

உணர்வைச் சோதிக்கப் பயன்படும் கருவி 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை. கண்ணை மூடியிருக்கும் நோயாளியின் பெருவிரல் நுனியிலும், முன்பாதத்திலும் அதை வைத்து இழை வளையும்வரை அழுத்தும்போது அவரால் அதை உணர முடியாவிட்டால், பாதம் காப்பிழந்துவிட்டது என்று பொருள். தடித்த காய்ப்பின் மீதே இழையை வைத்தால் விடை தவறும். அருகிலுள்ள இயல்பான தோலில் வைக்க வேண்டும். 2021 ஆகஸ்டு முதல் தமிழ்நாட்டில் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரும் பணியாளர் பாதத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது, மாத்திரைக்கு ஈடான பயன் தரும்.

இவ்விரு நோய்களுக்கும் பராமரிப்பில் ஒரு வேறுபாடு உண்டு. தொழுநோயால் பாதம் வறண்டு உணர்விழந்தவர்கள் நாள்தோறும் 20 நிமிடம் சாதாரணக் குளிர்ந்த நீரில் பாதத்தை ஊறவைத்து, தடித்த தோலை மென்மையாகத் தேய்த்து, துடைக்காமலே எண்ணெய் பூசுவது நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் முறை. நீரிழிவு உள்ளவர்களுக்கு நீண்ட நேரம் ஊறவைத்தல் பரிந்துரைக்கப்படுவதில்லை. கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, விரலிடுக்கைத் தவிர்த்த பிற இடங்களில் களிம்பு பூசுவதே போதும். இருவருக்குமே வெந்நீர் ஆகாது. நீரின் சூட்டை உணர்வுள்ள மற்றொருவர் தம் முழங்கையால் பார்க்க வேண்டும். சாலிசிலிக் பட்டையும் இருவருக்கும் விலக்கு. இவர்களின் காய்ப்பைப் பயிற்சி பெற்ற மருத்துவரோ செவிலியரோ மட்டுமே செதுக்க வேண்டும்.

ஆடித் திருவிழாவில் வெறுங்காலுடன் நடப்பதைத் தடுக்கச் சொல்வதில் பயனில்லை. கேட்கப்படாத அறிவுரை அறிவுரையே அன்று. நேர்த்திக்கடனை விடியற்காலையில், தரை சுடுவதற்கு முன் முடித்துக்கொள்ளவும், வலம் முடிந்த உடனே பாதத்தைக் கழுவி மற்றொருவர் கண்ணால் பார்க்கவும் சொல்வது ஏற்கப்படும். உணர்விழந்த பாதத்துக்கு நண்பகல் வெயிலில் காய்ந்த தரையின் ஒரு சுற்றே கொப்புளம் எழப் போதுமானது.

குதிகால் வெடிப்பு

பித்த வெடிப்பு என்று வழங்கும் குதிகால் வெடிப்புக்குப் பித்தம் காரணம் அன்று. தடித்து வறண்ட தோல் வளையும் தன்மையை இழக்கிறது. நிற்கும்போது குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் விரிய, விரிய முடியாத விளிம்பு பிளக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பு, உடல் எடை, மார்கழி, தை மாதங்களின் வறண்ட காற்று, சோப்புத் தூளில் நின்று துணி துவைத்தல் ஆகியவை இதை மிகுவிக்கின்றன. இரவில் ஊறவைத்து, வாசலினோ யூரியா களிம்போ பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கினால் இரண்டு, மூன்று வாரங்களில் பெரும்பாலானவை மூடுகின்றன. ஆழமான பிளவில் இரத்தம் வந்தால் பிளாஸ்திரியால் விளிம்புகளைச் சேர்த்து ஒட்டிவைக்கலாம். மூடாமல் நின்றால் நீரிழிவு, தைராய்டு குறைவு, பூஞ்சைத் தொற்று ஆகியவற்றைத் தேட வேண்டும்.

கையில் வரும் தடிப்பும் ஆலை வேலையும்

உள்ளங்கை தடித்து வெடிப்பதற்கு மூன்று காரணங்கள் பெரும்பான்மை. மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முதலாவது கரப்பான் வகையைச் சேர்ந்த நாட்பட்ட தோலழற்சி: அரிப்பு மிகுதி, விளிம்பு மங்கல், விரல் நுனிகளும் மடிப்புகளும் வெடித்திருக்கும். இரண்டாவது, சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ்: நான்கு வாரத்தில் நடக்க வேண்டிய அணுப் பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிவதால், முதிராத அணுக்கள் வெள்ளிநிறச் செதில்களாகக் குவிகின்றன, விளிம்பு தெளிவாக இருக்கும், முழங்கை, தலை, நகம் ஆகிய இடங்களிலும் தடயம் கிடைக்கும், சிலருக்கு மூட்டுவலியும் சேரும். மூன்றாவது பூஞ்சைத் தொற்று: இரு பாதங்களும் செருப்பு விளிம்புவரை மாவு தூவியதுபோல் செதிலாகி, அவற்றோடு ஒரு கை மட்டும் தடித்திருந்தால் பூஞ்சையையே முதலில் ஐயுற வேண்டும். செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் மலிவான சோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. கரப்பானுக்கு உதவும் ஸ்டீராய்டு களிம்பு பூஞ்சையை உரமிட்டு வளர்க்கிறது. முதல் வாரத்தில் அரிப்பு அடங்கிவிடுவதால் நோயாளி மகிழ்ந்து தொடர்ந்து பூச, படை உருமாறி மருத்துவரே அடையாளம் காண முடியாதபடி பரவுகிறது. பூஞ்சை மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த குழாய்கள் மருத்துவச் சீட்டு இல்லாமலே கைமாறுவதும், மருந்துக்கு எளிதில் மசியாத படர்தாமரை இந்தியாவில் பரவியதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றனர். தடித்த உள்ளங்காலின் பூஞ்சைக்கு மேற்பூச்சு மட்டும் போதாது. பெரும்பாலும் சில வாரங்கள் மாத்திரையும் வேண்டியிருக்கும்.

வேலையால் வரும் தோலழற்சியில் குற்றவாளியைத் தேட, கையில் படும் பொருள்களின் பட்டியலே தொடக்கம். சிமெண்டு தோலுக்கு இருமுறை தீங்கு செய்கிறது: அதன் காரத்தன்மை நேரடியாகச் சுடுகிறது, அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்டில் கரையக்கூடிய இவ்வகைக் குரோமியத்தைப் பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஒருமுறை குரோமிய ஒவ்வாமை நிலைபெற்றால் வேலையை விட்ட பின்னும் பல ஆண்டுகள் நீடிப்பதுண்டு. கடைசல், துளையிடல் இயந்திரங்களின் வெட்டெண்ணெய் மயிர்க்கால்களை அடைத்து, முன்கையிலும் எண்ணெய் ஊறிய பேண்டுக்கு அடியில் தொடையிலும் கருமுளைகளை உண்டாக்குகிறது. எண்ணெய் பட்ட துணியைப் பேண்டுப் பைக்குள் வைத்திருக்கும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம். வேலை முடிந்து தின்னராலோ மண்ணெண்ணெயாலோ கை கழுவுவது, அழுக்கோடு தோலின் இயற்கைக் கொழுப்பையும் கரைத்து, மறுநாள் வரும் எல்லா வேதிப்பொருளுக்கும் வழி திறக்கிறது. இவ்வட்டாரத்து ஆலைகளில் மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் கேட்டால், இதையே சொல்ல வேண்டும். மென்மையான சோப்பும், கழுவியபின் பூச ஒரு டப்பா வாசலினும் தின்னரைவிட மலிவானவை. கையுறை உதவும், ஆனால் உள்ளே வியர்வை தேங்கினால் அதுவே தோலை ஊறவைத்துக் கெடுக்கும்; மெல்லிய பருத்திக் கையுறையை உள்ளே அணிவதும், சுழலும் இயந்திரத்தருகே கையுறையைக் கழற்றிவிடுவதும் தேவை.

வேதிப்பொருள், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் நேரடித் தொடர்பால் வரும் தோலழற்சியை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அறிவிக்கத்தக்க தொழில்நோயாகச் சேர்த்திருந்தது. அதாவது, அதைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. நடைமுறையில் மருத்துவச் சீட்டில் ‘தோல் அரிப்பு’ என்று மட்டும் எழுதப்பட்டு அத்தோடு முடிந்துவிடுவதால், இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளி தம் வேலையின் பெயரையும் கையாளும் பொருளின் பெயரையும் சீட்டில் எழுதுமாறு மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது பின்னால் உரிமை கோரும்போது துணை செய்யும்.

புள்ளிபுள்ளியாகத் தடித்த உள்ளங்கை

வெடிப்பும் அரிப்பும் இல்லாமல், சோளப்பொரியின் உள்ளே தட்டுப்படும் பொரியாத மணிபோலக் கடினமான சிறு முளைகள் இரு உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் இருந்தால், ஆர்சனிக் என்னும் நஞ்சைப் பற்றி எண்ண வேண்டும். 1983-இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்தினரின் கைகால்களில் கண்ட இத்தகைய முளைகளையும் உடலில் தூவியது போன்ற கரும்புள்ளிகளையும் கொண்டே, ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் இருப்பதை வெளிக்கொணர்ந்தார். கங்கைச் சமவெளியின் படிவுகளில் இயற்கையாக உள்ள அந்நஞ்சு அப்பகுதிக்கு உரிய சிக்கல். எனினும் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரிக்கும் உருக்காலைகளில், ஈயக் கலவையில் சிறிதளவு ஆர்சனிக்கும் இருக்கக்கூடும் என்பதாலும், பதிவு பெறாத சிலர் தரும் பஸ்ப மருந்துகளில் அது கலந்திருக்கக்கூடும் என்பதாலும், கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இம்முளைகளைக் காணும் மருத்துவர் வேலையையும் உட்கொண்ட மருந்தையும் கேட்காமல் விடக் கூடாது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதே ஏற்கப்பட்ட வரம்பு.

இம்முளைகளில் சில, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றாக மாறக்கூடும். தாரும் புகைக்கரியும் அவ்வாறே தோலைத் தடிக்கவைத்துப் புற்றாக்கும். 1775-இல் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் சிறுவராய் வேலை தொடங்கியோருக்கு விரைத்தோலில் வரும் புற்றுக்குக் கரியே காரணம் என்று எழுதியது, தொழிலோடு புற்றுநோயை இணைத்த முதல் பதிவாகக் கருதப்படுகிறது. தடித்த ஓர் இடம் மட்டும் விரைந்து பெருத்தாலோ, அடிப்பகுதி இறுகினாலோ, ஆறாமல் இரத்தம் கசிந்தாலோ திசுச் சோதனை தாமதிக்கப்படக் கூடாது.

குழந்தைகளிடம் காணும் தடிப்பு

முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்தோறும் முள் முளைத்ததுபோல் சொரசொரப்பாக இருப்பது தேரைத்தோல். 1933-இல் கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் இதை விவரித்துப் பெயரிட்டார். குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வகம் 1930-களில் தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது இதைச் சத்துக்குறைவின் அடையாளமாகப் பதிவு செய்தது. அவ்வாய்வகமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. முதலில் வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று கொள்ளப்பட்டது. இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களும் பி வகை வைட்டமின்களும் சேர்ந்தே குறைந்திருப்பது பின்னர் தெரியவந்தது. முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு இவற்றோடு சமையலில் போதிய எண்ணெய் சேர்வது சில வாரங்களில் தோலை மென்மையாக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயதுவரை கொடுக்கப்படும் வைட்டமின் ஏ சொட்டு விடுபட்டதா என்பதையும் தாய்சேய் அட்டையில் பார்க்க வேண்டும்.

பிறவியிலோ முதல் ஆண்டுக்குள்ளோ உடல் முழுவதும் மீன் செதில்போல் தோல் வறண்டு அடுக்கடுக்காக இருந்தால் அது மரபுவழி வருவது. இதன் எளிய வகை ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடிய அளவுக்குப் பரவலானது, வயது ஏற ஏறக் குறையக்கூடியது. கடுமையான வகைகள் அரியவை, அவற்றுள் சில நெருங்கிய உறவுத் திருமணங்களில் மிகுதியாகத் தோன்றுகின்றன. இவற்றுக்கு முழுத் தீர்வு இல்லை. குளித்த மூன்று நிமிடத்துக்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ நாள்தோறும் இருமுறை பூசுவதே அடிப்படை மருத்துவம். வியர்வை நாளங்கள் அடைபடுவதால் இக்குழந்தைகளுக்குக் கத்திரி வெயிலில் உடல் சூடு விரைந்து ஏறும் என்பதைப் பள்ளி ஆசிரியருக்கும் தெரிவிக்க வேண்டும். பெரியவரிடம் நடுவயதில் புதிதாக மீன்செதில் தோன்றினால் அது மரபு நோய் அன்று. தைராய்டு, சிறுநீரகம், உள்ளுறுப்புப் புற்று ஆகியவற்றைத் தேட வேண்டும். தொழுநோய்க்குத் தரப்படும் குளோஃபசிமின் மருந்தும் தோலைக் கறுக்கவைத்து இவ்வாறு வறளச் செய்வதுண்டு. அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, முடித்தபின் மெல்ல மாறிவிடும்.

எங்கே, எப்போது செல்வது

பெரும்பாலான தடிப்புகளுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதுமானது. தொழுநோய் மருந்தும் அங்கே கட்டணமின்றி 6 அல்லது 12 மாதத்துக்குக் கிடைக்கும். தோல் மருத்துவர் தேவைப்படும் நிலையில், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. கடுமையான தடிப்புக்கு அங்கே அசிட்ரெட்டின் போன்ற மாத்திரை தரப்படலாம். கருவைச் சிதைக்கும் தன்மையுடைய அம்மாத்திரையை நிறுத்திய பின்னும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது என்பதால், குழந்தை பெறும் வயதுப் பெண்கள் அதைப் பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும். சொரியாசிஸுக்கு வெட்பாலைத் தைலம் போன்ற சித்த மருந்தை நாடுவோர் அரசுச் சித்தப் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரிடம் பெறுவது பாதுகாப்பானது. உடன் உட்கொள்ளும் ஆங்கில மருந்தையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் தடித்த தோலைத் தேய்த்தோ, எண்ணெய் பூசியோ பளபளப்பாக்கிச் செல்லக் கூடாது. செதில் இருந்தால்தான் சோதனைக்கு எடுக்க முடியும். இதுவரை பூசிய எல்லாக் குழாய்களையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துச்செல்ல வேண்டும். ஆலைத் தொழிலாளி, தாம் கையாளும் பொருளின் கொள்கலன் மீதுள்ள பெயர்ச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். காலில் சிக்கல் உள்ளவர் புதுச் செருப்பை அணிந்து செல்லாமல், வேலைக்கு அணியும் பழைய காலணியையே அணிந்தோ கொண்டோ செல்ல வேண்டும். அதன் உள்தளத்தில் தேய்ந்து குழிந்த இடமும் பாதத்தின் காய்ப்பும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்பதையே மருத்துவர் முதலில் பார்ப்பார்.